சின்ன நாயின் கல்லீரலும் அதன் சோற்றுத் தட்டும்

“லிவர் கொஞ்சம் வீக்கா இருக்கு. கறி, முட்டை எதுவும் வேணாம். தயிர்சாதம் மட்டும் போடுங்க.” இந்த ஒரு வரியோடு வீடு திரும்பும் சின்ன நாய்கள் நம் ஊரில் ஏராளம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற எண் கூடுதலாக இருந்திருக்கும். வீட்டாரும் பயந்துபோய் அந்த வார்த்தையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள். சில மாதம் கழித்து நாயைத் தடவிப் பார்த்தால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்படும். நோய்தான் இளைக்க வைத்துவிட்டது என்று நினைப்பார்கள். பல வீடுகளில் இளைக்க வைத்தது சாப்பாடுதான்.

கல்லீரல் கோளாறு என்பது ஒரே நோயின் பெயர் கிடையாது. எந்தக் கோளாறு என்று தெரிந்துகொள்ளாமல் புரதத்தைக் குறைப்பதும் டானிக்கை ஊற்றுவதும் நாயைக் காப்பாற்றாது. இந்த அத்தியாயம் முழுவதும் அதைத்தான் விளக்கப்போகிறேன்.

தயிர்சாதக் கணக்கு

நம் வீடுகளில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அப்படி 5 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த ஒரு ஸ்பிட்ஸை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 350 கலோரி வேண்டும். அத்தனையையும் தயிர்சாதமாகவே கொடுத்தால் 230 கிராம் சோறும் 80 கிராம் தயிரும் ஆகும். இரண்டிலும் சேர்த்துப் புரதம் 9 கிராமைத் தாண்டாது. கல்லீரல் நோய் முற்றி மூளை வரை பாதித்து, புரதத்தைக் கட்டாயமாகக் குறைக்க வேண்டிய நாய்க்கே கிலோவுக்கு 2 கிராம் என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது. அதாவது இந்த நாய்க்கு 10 கிராம். எஸ்.ஜி.பி.டி. மட்டும் கூடிய, ஓடி ஆடுகிற நாய்க்கு நாம் அதைவிடக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

புரதத்தைக் கண்டு பயப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. புரதம் செரிக்கும்போது குடலில் அம்மோனியா உண்டாகிறது. நலமான கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். கல்லீரல் தளர்ந்துபோனால் அம்மோனியா ரத்தத்தில் தங்கி மூளையைத் தாக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நாய் மந்தமாகும், வட்டமாகச் சுற்றும், தலையைச் சுவரில் முட்டி அழுத்திக்கொண்டு நிற்கும், சில நேரம் வலிப்பு வரும். இந்த அறிகுறிகள் இருக்கிற நாய்க்குத்தான் புரதக் கட்டுப்பாடு.

மற்ற நாய்களுக்குப் புரதம் மருந்து போன்றது. சேதமான கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றல் உள்ள உறுப்பு; அந்த வேலைக்குப் புரதம் வேண்டும். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கும் ஆல்புமினைச் செய்யவும் புரதம் வேண்டும். ஆல்புமின் குறைந்தால் வயிற்றில் நீர் கோக்கும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கல்லீரல் தளரும்போது அம்மோனியாவை அகற்றும் வேலையில் ஒரு பங்கைத் தசைகள் ஏற்றுக்கொள்கின்றன. பட்டினியில் தசை கரைந்தால் அந்தத் துணையும் போகிறது. கரைகிற தசையும் புரதம்தான் என்பதால் அதிலிருந்தும் அம்மோனியா வருகிறது. தவிர்க்க நினைத்த ஆபத்தை நாமே அழைத்துக்கொள்கிறோம்.

சீட்டில் எதைப் பார்ப்பது

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்களுக்குள் இருக்கும் நொதி. செல் காயப்பட்டால் அது ரத்தத்தில் கசியும். காயம் பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. ஏ.எல்.பி. என்ற எண் இன்னும் குழப்பமானது. தோல் அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டால், வயதான சின்ன நாய்களுக்கு வரும் குஷிங் நோய் என எதனாலும் அது ஏறும். வளரும் குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சியாலேயே கூடுதலாக இருக்கும்.

கல்லீரலின் வேலையைக் காட்டுபவை வேறு எண்கள். ஆல்புமின், யூரியா, சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகியவை குறைந்திருந்தாலும், பிலிருபின் கூடியிருந்தாலும் கவலைப்பட வேண்டும். பித்த அமிலப் பரிசோதனை இன்னும் தெளிவாகச் சொல்லும். 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு ஒருமுறை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அதோடு வயிற்று ஸ்கேனும் எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளை நம்பிப் போகலாம். தனியார் கிளினிக்கில் காட்டுபவர்கள் சீட்டுகளை ஒரு கோப்பில் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஒரே ஒரு சீட்டைவிட இரண்டு சீட்டுக்கு இடையே உள்ள மாற்றம் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

சின்ன நாய்களுக்கு வருபவை

பிறவியிலேயே ரத்தக்குழாய் கோளாறோடு பிறக்கும் குட்டிகள் உண்டு. குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் குறுக்குவழியில் உடலுக்குள் கலந்துவிடும். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், ஷிட்சூ, பக், மினியேச்சர் ஷ்னாசர் இனங்களில் இது கூடுதல். உடன்பிறந்த குட்டிகளைவிடச் சிறுத்து நிற்கும், சாப்பிட்டதும் கிறங்கும், சிறுநீர்ப்பையில் யூரேட் கல் சேரும். இதற்கு நிலையான தீர்வு அறுவை சிகிச்சை. உணவும் மருந்தும் அதுவரை தாங்கிப்பிடிக்கும். அறுவை செய்ய முடியாத நாய்களுக்கு ஆயுள் முழுக்கத் துணை நிற்கும்.

நடுவயது தாண்டிய பொமரேனியன், ஷ்னாசர், காக்கர் ஸ்பேனியல், சிவாவா நாய்களுக்குப் பித்தப்பையில் பித்தம் கெட்டியாகிக் கோழைபோல் உறைவது உண்டு. ரத்தத்தில் கொழுப்புக் கூடிய நாய்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அவற்றுக்குக் கொழுப்பைக் குறைக்க வேண்டும். நெய்ச்சோறு, கோழித்தோல், பொரித்த கறி, கிரீம் பிஸ்கட் எல்லாம் நிறுத்த வேண்டும். பித்தப்பை வெடித்தால் உயிர்போகும் என்பதால் இந்த நாய்களை ஸ்கேனில் தொடர்ந்து பார்க்கச் சொல்வார்கள்.

நாட்பட்ட கல்லீரல் அழற்சி மூன்றாவது வகை. சிலவற்றில் செல்களுக்குள் செம்புச்சத்து சேர்வதே காரணம். பெட்லிங்டன் டெரியரில் இதற்கான மரபணுக் குறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், லாப்ரடார், டால்மேஷியன் இனங்களிலும் வருகிறது. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது; கல்லீரலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துத்தான் அளக்க வேண்டும்.

நம் ஊர் மழைக்காலத்தில் இவை எல்லாவற்றையும்விட வேகமாகக் கொல்வது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரை நக்கினாலோ அதில் நடந்தாலோ தொற்றும். உண்ணியால் வரும் பபீசியாவும் நாயை மஞ்சளாக்கும். இவற்றுக்கு உணவு மருத்துவம் கிடையாது. சரியான ஆன்டிபயாடிக்கும் ஒட்டுண்ணி மருந்தும்தான் வேண்டும். எலிக்காய்ச்சல் மனிதருக்கும் பரவும். அந்த நாயின் மூத்திரத்தைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். குழந்தைகளை விலக்கி வையுங்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

மூளைப் பாதிப்பு இல்லாத, கொழுப்புக் கோளாறும் இல்லாத 5 கிலோ நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு இப்படி இருக்கலாம். 120 கிராம் வெந்த பச்சரிசிச் சோறு, தோலுரித்து வேகவைத்த கோழிக்கறி 60 கிராம், அவித்த முட்டை ஒன்று, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் 30 கிராம், அரை தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக எண்ணெய். கலோரி அதே 350 அளவுதான். புரதம் மட்டும் 27 கிராம், தயிர்சாதத்தைப்போல் மூன்று பங்கு. வெங்காயம், பூண்டு, மிளகாய், உப்பு எதுவும் வேண்டாம்.

மூளைப் பாதிப்பு உள்ள நாய்க்கு ஆட்டுக்கறியையும் மாட்டுக்கறியையும் முதலில் நிறுத்துங்கள். முட்டையும் பால் புரதமும் கறியைவிட இந்த நாய்களுக்கு நன்றாக ஒத்துப்போகின்றன. 170 கிராம் சோறு, வீட்டில் உப்பில்லாமல் திரித்தெடுத்த பனீர் 30 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, பரங்கிக்காய், சிறிது எண்ணெய் என்று தொடங்கினால் 13 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரதம் கிடைக்கும். நாய் தெளிவாக இருந்தால் டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் கூட்டுங்கள். இந்த நாய்களுக்கு லாக்டுலோஸ் சிரப்பும் எழுதுவார்கள். மலச்சிக்கலுக்கு மனிதர்கள் குடிக்கும் அதே மருந்துதான். குடலில் அம்மோனியாவைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். மலம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இளகலாக, தண்ணீராகாமல் போக வேண்டும். அதுதான் சரியான அளவுக்கு அடையாளம். இந்த நாய்க்கு மலச்சிக்கல் வரவே விடக் கூடாது.

எந்தக் கல்லீரல் நோயாக இருந்தாலும் ஒரு நாள் உணவை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு வேளை கட்டாயம். சர்க்கரையைச் சேமித்து வைக்கும் உறுப்பே கல்லீரல்தான். அது தளர்ந்த சின்ன நாய் இரவு முழுக்க வயிறு காய்ந்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும், தசையும் கரையும். வெள்ளிக்கிழமை விரதம், அமாவாசை விரதம் எல்லாம் வீட்டாரோடு நிற்கட்டும்.

மேலே சொன்ன தட்டில் சுண்ணாம்புச் சத்தும் பல நுண்சத்துகளும் குறைவு. சில வாரங்களுக்குத்தான் அது தாங்கும். நீண்ட காலம் வீட்டுச் சமையலே என்று முடிவெடுத்தால், செம்பு சேராத தாது உப்புக் கலவையை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். கல்லீரலுக்கென்று தயாரித்த மருத்துவ உணவு கட்டுப்படியாகும் வீட்டில், நாய் அதை விரும்பித் தின்றால், என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் தின்னாத நல்ல உணவைவிடத் தின்கிற சுமாரான உணவு மேல். வயிற்றில் நீர் கோத்த நாய்க்குக் கருவாடு, சிப்ஸ், ஊறுகாய்ச் சோறு, உப்பு பிஸ்கட் துளியும் ஆகாது.

ஈரலும் செம்புப் பாத்திரமும்

ஈரல் கெட்ட நாய்க்கு ஈரல் வாங்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் செம்பு சேரும் நோயில் அது நேரடிக் கேடு. செம்மறி ஆட்டு ஈரலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. 5 கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவது அரை மில்லிகிராம் அளவுதான். 25 கிராம் ஈரல், அதாவது இரண்டு சிறு துண்டு, மூன்று நாள் தேவையைத் தாண்டிவிடும். கோழி ஈரலில் செம்பு மிகக் குறைவு என்றாலும், துணுக்குப் பரிசோதனை செய்யாத வரை எந்த ஈரலும் வேண்டாம் என்றே சொல்வேன். முந்திரி, எள், காளான் ஆகியவையும் செம்பு மிகுந்தவை.

செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் வைத்திருப்பீர்கள். நாயின் கிண்ணத்தில் அதை ஊற்றாதீர்கள். ஈயம் பூசாத பித்தளைத் தட்டில் தயிர் போடுவது அதைவிட மோசம். புளிப்பு செம்பைக் கரைத்து எடுக்கும். இது வெறும் பயமுறுத்தல் கிடையாது. ஒரு காலத்தில் இந்தியக் குழந்தைகளைக் கொன்ற ஈரல் சுருக்க நோய் ஒன்றை, பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பாலோடு 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகள் தொடர்புபடுத்தின. எவர்சில்வர் கிண்ணம் போதும்.

பூஞ்சை பிடித்த தானியம் இன்னொரு எதிரி. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்புறக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற மக்கள் மஞ்சள் காமாலை வந்து, வயிற்றில் நீர் கோத்து இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களுக்கும் அதே நோய் வந்தது. காரணம் அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு. வேகவைத்தாலும் அது அழியாது. நாய்க்கென்று மலிவாக வாங்கும் நொய், சோளம், வேர்க்கடலை, புண்ணாக்கு எதிலாவது முக்கல் வாடை வந்தால் அப்படியே குப்பையில் போடுங்கள். உலர் தீவன மூட்டையைப் பிரித்த பின் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சின்ன நாய்க்குப் பெரிய மூட்டை வாங்குவது நம் ஈரக்காற்றில் லாபமாகாது.

துணை மருந்துகள்

இவற்றில் எனக்கு மதிப்பு இருப்பவை சிலவே. முதலில் சாம்–ஈ. கல்லீரல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் குளூட்டாதயோனுக்கு மூலப்பொருள் அது. கிலோவுக்கு 18 முதல் 20 மில்லிகிராம், காலையில் வெறும் வயிற்றில். குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரை என்பதால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மனிதருக்கான 400 மில்லிகிராம் மாத்திரையைக் கால்வாசியாக நறுக்கிக் கொடுப்பது பணத்தை வீணாக்குவதுதான். சின்ன நாய்களுக்கென்றே 90 மில்லிகிராம் அளவில் சிலிபினும் சேர்த்து வருகிறது. சிலிபின், சிலிமரின் என்பவை மில்க் திஸில் செடியின் விதையிலிருந்து எடுப்பவை. லோமஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுத்த நாய்களிடம் சாம்–ஈயும் சிலிபினும் சேர்ந்து கல்லீரல் நொதிகள் ஏறுவதைக் குறைத்ததாக 2011-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

வைட்டமின் ஈ நல்லதுதான், அளவில். கிலோவுக்கு 10 யூனிட் என்றால் நம் 5 கிலோ நாய்க்கு 50. முகத்தில் பூச வாங்கும் பச்சை நிறக் காப்சூலில் 400 இருக்கிறது, எட்டு மடங்கு. அளவு மீறினால் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். கல்லீரல் நோயில் அது ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருக்கும். அர்சோடியாக்சிகோலிக் அமிலம் பித்தத்தை இளக்கி ஓட வைக்கும் மருந்து, உணவோடு தர வேண்டியது. பித்தக்குழாய் அடைத்திருக்கும்போது கொடுத்தால் ஆபத்து என்பதால் ஸ்கேன் பார்க்காமல் தொடங்கக் கூடாது. துத்தநாகம் குடலில் செம்பைத் தடுக்கும். கூடிப்போனால் சிவப்பணுக்களை உடைக்கும். அதை டாக்டரின் அளவில்லாமல் தொடாதீர்கள். வைட்டமின் சி மாத்திரை செம்பு சேர்ந்த கல்லீரலுக்கு உதவாது, கெடுக்கவும் கூடும். கடையில் கிடைக்கும் மல்டிவைட்டமின் டானிக்குகளின் லேபிளில் செம்பு, இரும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கீழாநெல்லி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காமாலை என்றதும் அதை அரைத்து மோரில் கலக்குவது நம் கைப்பழக்கம். அந்தச் செடிக்கு ஆராய்ச்சி வரலாறும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமக்கும் மனிதர்களிடம் அது பலன் தந்ததாக 1988-ல் லான்செட் இதழில் எழுதியது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. நாய் விஷயத்தில் அந்த விவாதத்துக்கே இடமில்லை, ஏனென்றால் நாய்க்கு ஹெபடைடிஸ் பி வராது. மஞ்சளாகி நிற்கும் நாய்க்கு எலிக்காய்ச்சலோ பபீசியாவோ பித்தக்குழாய் அடைப்போ இருக்கலாம். மூன்றிலும் நாள் கணக்கு முக்கியம். மூன்று நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால், சிறுநீரகமும் சேர்ந்து கெட்ட பிறகே நாய் மருத்துவரைப் பார்க்கும். செடியின் மேல் நம்பிக்கை இருப்பவர்கள், நோய் என்னவென்று தெரிந்து சிகிச்சையும் தொடங்கிய பிறகு டாக்டரிடம் மறைக்காமல் கேளுங்கள்.

வீட்டிலேயே இருக்கும் நஞ்சு

காய்ச்சலுக்கு நாம் போடும் 650 மில்லிகிராம் பாராசிட்டமாலை 5 கிலோ நாய்க்கு ஒன்று கொடுத்தால் கிலோவுக்கு 130 மில்லிகிராம் ஆகிறது. 100 அளவிலேயே நாயின் கல்லீரலுக்கு அது நஞ்சு. சர்க்கரை சேர்க்காத சூயிங்கம், மிட்டாய், சில கடலை வெண்ணெய்களில் உள்ள சைலிட்டால் சர்க்கரையை இறக்கிக் கல்லீரலையும் அழிக்கும். அழகுக்கு வாசலில் வைக்கும் சைகஸ் செடியின் விதை ஒன்றிரண்டே சின்ன நாயைக் கொல்லப் போதும். கடிக்கிற வயதில் குட்டி இருக்கும் வீட்டில் அந்தச் செடி இருக்கக் கூடாது.

எப்படிக் கண்காணிப்பது

வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். 5 கிலோ நாயில் 250 கிராம் குறைவது பெரிய இழப்பு. எடை மட்டும் போதாது. வயிற்றில் நீர் சேர்ந்தால் எடை ஏறுவதுபோல் காட்டும், தசை உள்ளே கரைந்துகொண்டிருக்கும். அதனால் முதுகெலும்பின் இரு பக்கமும் நெற்றிப் பொட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை, ஈறு, காதின் உட்புறம் பாருங்கள். உணவு மாற்றிய நான்காவது வாரத்தில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். எண் இறங்கியிருக்கிறது, நாய் இளைக்கவில்லை, உற்சாகமாக இருக்கிறது என்றால் வழி சரி. எண் இறங்கி நாயும் இளைத்திருந்தால் வழி சரியில்லை. உணவைத் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள்.

மஞ்சள் தெரிந்தாலோ, மலம் தார்போல் கறுத்தாலோ, சாம்பல் நிறமாக வெளுத்தாலோ, சாப்பிட்ட பின் தலையைச் சுவரில் அழுத்தினாலோ, வலிப்பு வந்தாலோ மறுநாள் காலை வரை பொறுக்காதீர்கள். வலிப்பில் இருக்கும் நாயின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கடைசியாக என்ன தின்றது, எப்போது தின்றது, என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பழைய சீட்டுக் கோப்பையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.